பழைய தூண்டில் கோலுக்கு இரண்டு புட்டி எபாக்சி: மருந்து நல்லது, கூட வந்த சாமான்தான் மட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோலின் நூல் சுற்றுக்கு மேல் பூசுகிற இந்த எபாக்சி, அதாவது இரண்டு திரவத்தைக் கலந்தால் கெட்டியாகிற பூச்சு, நல்ல பொருள்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மீதி ஒன்றரை எங்கே போனது என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது இருபது வருடத்துக்கு மேல் ஆன கிராஃபைட் கோல். இரண்டு துண்டு, ஏழு கைடு (தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்கள்), நுனியில் ஒன்று. கோலின் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வளைத்து விட்டால் இன்னும் விறைப்பாக நிமிர்கிறது. கைடுகளைக் கோலோடு இறுக்கிப் பிடித்திருக்கும் நூல் சுற்றுதான் பரிதாபமாக இருந்தது. அதன் மேலிருந்த பூச்சு மங்கி, மஞ்சள் பூத்து, கைடின் கால், அதாவது நூலுக்கு அடியில் இருக்கிற பகுதி, தொடங்குகிற இடத்தில் மெல்லிய வளையம் வளையமாக விரிசல் விட்டிருந்தது. கோல் வளையும்போது அதோடு நூலும் பூச்சும் வளையும், ஆனால் இரும்புக் கால் வளையாது, அதனால் எப்போதும் அந்த முனையில்தான் முதலில் விடும். விட்ட இடத்தில் தண்ணீர் இறங்கும், காலில் துரு ஏறும், அப்புறம் ஒரு நாள் பெரிய மீன் இழுக்கும்போது கைடு ஆட ஆரம்பிக்கும். பூச்சு வெறும் அழகுக்கு என்று நினைத்துத்தான் நானும் பல வருடம் விட்டுவைத்திருந்தேன். அந்த மெல்லிய நைலான் நூலைத் தண்ணீரிலிருந்தும் மணலிலிருந்தும் உராய்விலிருந்தும் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

இதற்கு முன்னால் செய்த குறுக்கு வழிகளையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தடவை நகப்பூச்சு, நிறமில்லாதது. பூசிய அன்று பார்க்க ஜோராக இருந்தது, சில மாதத்தில் சருகு மாதிரி உரிந்தது. இன்னொரு தடவை ஐந்து நிமிட எபாக்சி, அந்தக் குட்டி டியூப் இரண்டு வருமே, அது. பிரஷ்ஷை இரண்டாவது கைடுக்குக் கொண்டுபோவதற்குள் மிட்டாய்ப் பாகு மாதிரி இழுத்துக்கொண்டது. அது பொருள் ஒட்டுவதற்குச் செய்தது, நூலுக்குள் ஊறிச் சமமாகப் படிவதற்கு அதற்கு நேரமே இல்லை. மஞ்சளாவதும் சீக்கிரம், கெட்டியானபின் வளையவும் வளையாது. ஆகவே இந்தத் தடவை ஒழுங்காக, தூண்டில் கோலுக்கென்றே விற்கிற இரண்டு புட்டிப் பூச்சு கிட் வாங்கினேன். இந்த வகையில் பிளெக்ஸ் கோட், திரெட் மாஸ்டர் போன்ற பெயர்கள் கோல் கட்டுகிறவர்களுக்கு ரொம்பப் பழக்கம். நான் வாங்கியது அவற்றில் எதுவும் இல்லை, அவ்வளவு பெயரெடுக்காத ஒன்று. பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நடந்த கூத்தில் பாதி என் கைங்கரியம்.

பெட்டிக்குள் இருந்தவை: ரெசின் ஒரு புட்டி, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் ஒரு புட்டி, இரண்டு சிரிஞ்சு, இரண்டு பிரஷ், கலக்க ஒரு குட்டிக் கோப்பை, ஒரு குச்சி, பிறகு எறும்பு எழுத்தில் அரைப் பக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பில் சொன்னது இவ்வளவுதான்: சம அளவு எடு, கலக்கு, பூசு, சுழற்று. சொல்லாமல் விட்டது ஏராளம்.

கலப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் உண்மையில் பெரிய வேலை. பழைய பூச்சு விரிசல் இல்லாமல் வெறுமனே மங்கியிருந்தால் அதன் மேலேயே புதிதாகப் பூசலாம், தப்பில்லை. ஆனால் பளபளப்பான பரப்பில் எதுவும் பிடிக்காது, அதனால் 600 நம்பர் உப்புத்தாளை வைத்து மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும், மெதுவாக, தேய்க்க வேண்டும். எங்கே ஆர்வக்கோளாறில் அழுத்துகிறீர்களோ அங்கே நூல் பிசிறிக் கிளம்பும், கிளம்பிய பிசிறு பூச்சுக்குள் முள் மாதிரி நின்று காலத்துக்கும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். தேய்த்த தூசியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரலால் தொடக்கூடாது, விரலின் எண்ணெய்ப்பசையே போதும் பூச்சு விலகி ஓட. ஆல்கஹாலுக்குப் பதில் கையில் கிடைத்த தின்னரையோ அசிட்டோனையோ எடுத்துவிடாதீர்கள், கோலின் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

விரிசல் விட்ட சுற்றுகள் கதை வேறு. மேலே எவ்வளவு பூசினாலும் கீழே இருக்கிற விரிசல் அப்படியேதான் இருக்கும், கொஞ்ச நாளில் புதுப் பூச்சையும் பிளந்துகொண்டு மேலே வரும். ஏழில் ஒன்று, ஐந்தாவது கைடு, அந்த நிலைக்குப் போயிருந்தது, காலில் துருவே தெரிந்தது. அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் எபாக்சி இளகும். இளகியதும் பிளேடால் நூலைக் கீற வேண்டும், ஆனால் கீறுவது கைடின் இரும்புக் காலுக்கு மேலே மட்டும்! கோலின் உடம்பு மேலே கத்தி பட்டால் கிராஃபைட் இழை அறுபடும், அறுபட்ட இடத்தில் கோல் ஒரு நாள் படக்கென்று முறியும். கீறிவிட்டுப் பிடித்து இழுத்தால் நூல் சுருள் சுருளாக வந்துவிடுகிறது, அந்தப் பத்து நிமிடம் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புது நூல் சுற்றினேன். அதே சிவப்பு நூல்தான், கடைசிவரை நினைவில் வைத்திருங்கள், அதே சிவப்பு.

இன்னொரு விஷயம், இந்தச் சாக்கில் எல்லாக் கைடின் வளையத்துக்குள்ளும் காது குடைகிற பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது பஞ்சு மாட்டினால் அந்த வளையத்தில் கீறலோ வெடிப்போ இருக்கிறது, அது உங்கள் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கைடுக்குப் பூச்சு பூசுவது வீண், கைடையே மாற்ற வேண்டும்.

சரி, மருந்துக்கு வருவோம். ரெசினும் ஹார்டனரும் பார்க்கக் கண்ணாடி மாதிரி, விளக்கெண்ணெய் பதம். ஒன்றுக்கு ஒன்று அளவு. இங்கே ஹார்டனரைக் கொஞ்சம் கூட விட்டால் சீக்கிரம் காயும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது, பெயின்ட்டர்களிடமிருந்து வந்த பழக்கமோ என்னவோ. இது அப்படி வேலை செய்யாது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியாகிறது, எது மிஞ்சினாலும் மிஞ்சியது ஜோடி கிடைக்காமல் உள்ளேயே நின்று பிசுபிசுக்கும். அளவு சுண்டு விரல் நுனியளவு தப்பினாலும் தப்புதான், அதனால்தான் ஒரே ஒரு கைடுக்குப் பூசுவதாக இருந்தாலும் ஒவ்வொன்றிலும் 3 மில்லியாவது எடுக்கச் சொல்வார்கள். குறைவாக எடுத்தால் சிரிஞ்சில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் இருந்தாலே விகிதம் கெட்டுப்போகும். 3 மில்லியும் 3 மில்லியும் ஒரு முழுக் கோலுக்குத் தாராளம், மீந்துபோகும்.

நான் என்ன செய்தேன் என்றால், மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி எடுத்தேன். சிரிஞ்சில் குமிழ் இருந்ததைப் பார்த்தேன், பரவாயில்லை என்று விட்டேன். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கினேன். அந்தக் குட்டிக் கோப்பையிலேயே வைத்துப் பூசினேன்.

விளைவு வரிசையாக வந்தது. மூன்றாவது கைடு பூசும்போதே கோப்பை இளஞ்சூடாகிவிட்டது. இந்த வேதிவினை தானே சூட்டைக் கிளப்பும், கலவை ஒரே குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் வினையை இன்னும் விரட்டும், அப்படியே கெட்டியாகிவிடும். கலக்கி முடித்ததும் அதை ஒரு தட்டையான அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பிவிட்டால் சூடும் ஆறும், உள்ளே மாட்டிய குமிழ்களும் தானாக மேலே வந்து உடையும், வேலை செய்ய இருபது நிமிடம் போலக் கிடைக்கும். இந்த ஒரு வரியை அந்தக் குறிப்பில் போட்டிருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். அடுத்து, இரண்டு கைடில் பூச்சு ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி, மீன் கண் மாதிரி குழிகள். நான் விரலால் தொட்டிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் விஷயம் புரிந்தது: சாதாரண சிரிஞ்சின் உள்ளே பிஸ்டனில் கறுப்பு ரப்பர் இருக்கும், அது வழுக்கி ஓடுவதற்கு சிலிக்கோன் எண்ணெய் பூசியிருப்பார்கள். எபாக்சிக்கு சிலிக்கோன் ஜென்ம விரோதி. துளி கலந்தாலும் பூச்சு அந்த இடத்தை விட்டு விலகி நிற்கும். தூண்டில் கோல் பூச்சுக்கென்றே விற்கிற கிட்டில் ரப்பர் வைத்த சிரிஞ்சைப் போட்டது யார் யோசனையோ! அரை மதிப்பெண் அங்கே போனது. ரப்பர் இல்லாத, முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன சிரிஞ்சு தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு புட்டிக்கும் தனித்தனி சிரிஞ்சு, அதில் பெயர் எழுதி வைப்பதும் உங்கள் நன்மைக்கே.

அப்புறம் பிரஷ். முதல் கைடிலேயே இரண்டு மயிர் உதிர்ந்து பூச்சுக்குள் படுத்துக்கொண்டது. ஊசியால் எடுக்கப்போய் குமிழ் வந்தது. இன்னொரு அரை மதிப்பெண். கடைசி அரை, அந்த எறும்பு எழுத்துக் குறிப்புக்கு.

சுழற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூசியதும் கோலைச் சும்மா வைத்தால் மருந்து கீழ்ப்பக்கம் வடிந்து தொங்கும், அதனால் இளகல் போய் நிலைக்கும் வரைக்கும் கோலைப் படுக்கை வசத்தில், சரிமட்டமாக வைத்துச் சுழற்ற வேண்டும். மோட்டார் இல்லாவிட்டால் கையாலும் முடியும், முதல் அரை மணி நேரம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அரைச் சுற்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு, மொத்தம் மூன்று மணி நேரம். நான் முதல் தடவை கையால்தான் செய்தேன். ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, பேசிவிட்டுத் திரும்பும்போது ஆறாவது கைடு தாடி வளர்த்திருந்தது. இரண்டாவது தடவை ஒரு பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டாரைப் பயன்படுத்தினேன். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. மின்சார வேலை தெரியாதவர்கள் அந்த அடுப்பைத் திறக்கவே வேண்டாம், அதற்குள் இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடித்துப்போடும், மோட்டாரைத் தனியாக வாங்குவதே புத்தி.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மூன்று கைடு கல் மாதிரி, இரண்டு கைடு மீன் கண்ணோடு, நுனிப்பக்கம் இரண்டும் விரல் வைத்தால் ரேகை பதிகிற பிசுபிசுப்பு. இந்தக் கட்டத்தில் கோபத்தில் எல்லாவற்றையும் உரித்துப்போடத் தோன்றும். வேண்டாம். லேசான பிசுபிசுப்புக்கு வைத்தியம் எளிது: சரியான அளவில் கலந்த புது மருந்தை அதன் மேல் ஒரு கை பூசினால் போதும், மேல் பூச்சு கெட்டியாகி உள்ளே இருப்பதை மூடிவிடும். மீன் கண் விழுந்ததை நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் பூசினால் காய்ந்தபின் மேலே மெழுகு தடவிய மாதிரி ஒரு வழவழப்பு வரும், அது பூச்சு காயாததால் வருவது இல்லை, ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். அதைக் கழுவாமல் மேலே அடுத்த பூச்சு போட்டால் மட்டும் ஒட்டாது.

மறு ஞாயிறு, இரண்டாவது சுற்று. இந்தத் தடவை புது சிரிஞ்சு, நல்ல மென்மயிர் பிரஷ், 3 மில்லிக்கு 3 மில்லி, கடிகாரம் பார்த்து நான்கு நிமிடம், குச்சியைத் தூக்காமல், காற்று புகாமல், சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கினேன். கலக்குவதற்கு முன்னால் புட்டிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தேன், மருந்து இளகி ஓடுகிறது, குமிழும் குறைகிறது. அலுமினியத் தாளில் ஊற்றினேன். அப்போதுதான் இந்தப் பொருளின் அருமை தெரிந்தது. மருந்து சுற்றின் மேல் பரவுகிற அழகைப் பார்க்க வேண்டும், மங்கிப்போன சிவப்பு ஒவ்வொரு இழையாக உயிர் பெற்று எழுகிறது, இரண்டு நிமிடத்தில் தானாகவே சமப்பட்டுக் கண்ணாடி ஆகிறது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு குமிழுக்கு ஸ்பிரிட் விளக்கை ஒரு கணம் அருகே காட்டி எடுத்தேன், படபடவென்று உடைந்தன. ஒரு கணம் என்றால் ஒரு கணம்தான், நின்றால் மருந்து தண்ணீராகி ஓடும், நூலும் கருகும். ஆல்கஹால் துடைத்த துணியையும் புட்டியையும் வேறு அறையில் வைத்துவிட்டு விளக்கைக் கொளுத்துங்கள்.

அதிகம் அப்பாதீர்கள். பூச்சு நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கி ரக்பி பந்து மாதிரி நின்றால் பார்க்கவும் அசிங்கம், எடையும் வீண். பூசி முடித்துச் சுழற்றுவதற்கு முன்னால் கோலை ஓரிரு நிமிடம் அசையாமல் வைத்தால் உபரி எல்லாம் அடியில் சேரும், அதை பிரஷ்ஷால் தொட்டு எடுத்துவிட்டு அப்புறம் மோட்டாரைப் போடலாம். நுனிப்பக்கக் கைடுகளுக்கு இது ரொம்ப முக்கியம், அங்கே ஏறுகிற ஒவ்வொரு துளியும் கோலின் துடிப்பை மந்தமாக்கும். மெல்லியதாக இரண்டு பூச்சு என்பது கனமாக ஒன்றைவிட எப்போதும் மேல்.

இப்போது அந்த ஐந்தாவது கைடு. புது நூல் சுற்றினேன் என்றேனே, அதே சிவப்பு. மற்ற ஆறும் சிவப்பாக இருக்க, இது மட்டும் மருந்து பட்டதும் கண்முன்னால் கறுத்து, காய்ந்த ரத்த நிறத்துக்குப் போய்விட்டது. சாதாரண நைலான் நூல் எபாக்சியை உறிஞ்சினால் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகிவிடும், அடியில் இருக்கிற கறுப்புக் கோல் தெரியும். இதைத் தடுக்க கலர் ப்ரிசர்வர் என்று ஒரு தண்ணீர் போன்ற பூச்சு முதலில் போட வேண்டும், அல்லது அது தேவைப்படாத, நிறம் மாறாத நூல் வாங்க வேண்டும். பழைய சுற்றுகளில் பழைய பூச்சு ஏற்கனவே நூலை மூடியிருந்ததால் அவை தப்பித்தன. இதற்கு கிட்டைக் குறை சொல்ல முடியாது, குற்றவாளி நான்தான். நிறைய பேர் வேண்டுமென்றே ப்ரிசர்வர் போடாமல் விடுகிறார்கள், மருந்து நூலுக்குள் முழுதாக இறங்கினால் பிடிமானம் இன்னும் கெட்டி என்பது அவர்கள் வாதம். நானும் இப்போது அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன், வேறு வழி?

ஒரு நாளில் தொடலாம், ஆனால் ஒரு வாரம் பொறுத்துத்தான் மீன் பிடிக்கக் கொண்டுபோனேன். எட்டு மாதம் ஆகிறது. வெயில், உப்புத் தண்ணீர், பாறையில் இரண்டு மூன்று இடி எல்லாம் பட்டாயிற்று. விரிசல் இல்லை, மங்கலும் இல்லை, கைடுகள் அசையவில்லை. மஞ்சளாகாது என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நான் நம்பவில்லை, எபாக்சி வெயில் பட்டால் என்றாவது மஞ்சள் காட்டத்தான் செய்யும், எத்தனை வருடத்தில் என்பதுதான் கேள்வி.

ஒற்றைப் புட்டி யூரித்தேன் பூச்சுகளும் இருக்கின்றன, காற்றின் ஈரத்தில் தானாகக் காய்வது. கலக்கவும் வேண்டாம், மணிக்கணக்கில் சுழற்றவும் வேண்டாம், மெல்லிய படலம். ஆனால் பல கை பூச வேண்டும், திறந்த புட்டி அலமாரியிலேயே கெட்டியாகிவிடும். ஒரே ஒரு கோல், மெல்லிய ஃப்ளை ராடு (ஈ மாதிரிப் பொய் இரையை வீசுகிற கோல்), என்றால் அதையும் யோசிக்கலாம். மூங்கிலில் பட்டு நூல் சுற்றிய அந்தக் காலத்துக் கோல் உங்களிடம் இருந்தால் இது இரண்டுமே வேண்டாம், அதற்கு வார்னிஷ்தான் மரபு, வார்னிஷை நாளைக்குக் கழற்றவும் முடியும்.

கையுறை போடாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது, பத்தாவது தடவையும் ஆகாமல் இருக்கலாம், ஆனால் உடம்பு ஒரு முறை ஒவ்வாமை பழகிக்கொண்டால் அப்புறம் வாழ்நாளுக்கும் எபாக்சி பக்கமே போக முடியாமல் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், போதும்.

மறுபடி வாங்குவேனா? புட்டிகளுக்காக வாங்குவேன். சிரிஞ்சையும் பிரஷ்ஷையும் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவேன். புட்டிகளில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது, குளிரில் ரெசின் வெள்ளையாகக் கற்கண்டு மாதிரி உறைந்தால் பயப்படாமல் வெந்நீரில் வையுங்கள், தெளிந்துவிடும். ஹார்டனர் லேசாகப் பழுப்பேறினாலும் வேலை செய்யும். ஒன்றே ஒன்று, இரண்டு புட்டியின் மூடியும் ஒரே மாதிரி வெள்ளை. நான் மாற்றிப் போட்டு மூடிவிட்டேன். ஹார்டனர் புட்டியை இப்போது இடுக்கி போட்டுத்தான் திறக்கிறேன். ரெசின் புட்டி அதற்கும் அசைய மாட்டேன் என்கிறது.